பன்னிரண்டுக்குப் பதினொன்று

டாக்டர் கொண்டுவந்த தகரப் பெட்டியில் பன்னிரண்டு பொருள்கள் இருந்தன. சாவி, கரண்டி, சீப்பு, பொத்தான், தீப்பெட்டி, கண்ணாடி வளையல், பென்சில், பூட்டு, விசில், நூல்கண்டு, சோப்புப் பெட்டி, ஒரு மரக் குதிரை. அவர் மேஜைமேல் எடுத்து வைக்க வைக்க நான் எண்ணினேன். எதைக் கண்டாலும் எண்ணுவது என் சுபாவம். மாடி ஏறினால் படி, பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னல். இந்த வயதில் அது இன்னும் முற்றிவிட்டது. மாத்திரை டப்பாவைத் திறந்தால் மூன்று தடவை எண்ணாமல் மூட முடிவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. எனக்கும்தான்.

அந்தப் பொருள்கள் என் தம்பிக்காக வந்தவை. என்னைவிட இரண்டு வயது சிறியவன். இப்போது டவுன் சிண்ட்ரோம் என்கிறார்கள். அப்போது மருத்துவப் புத்தகங்களிலேயே ஓர் இனத்தின் பெயரை வைத்து இவர்களைக் குறிப்பிட்டார்கள். அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யாரும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. "உங்காத்துப் பிள்ளை" என்றால் அது அவன்தான், நான் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவனுக்கு இருமல் வந்து விடவே இல்லை என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இருமலைப் பார்த்த டாக்டர் வயதைக் கேட்டார். நாற்பது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நரம்பியல் பிரிவிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவர் இளைஞர். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்துப் பிள்ளை என்று பிற்பாடு தெரிந்தது. அவர் என் தம்பியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, "நாப்பதுங்களா சார்? நிச்சயமா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது இதுதான். முன்பெல்லாம் இப்படிப் பிறந்தவர்கள் இருபது வயதைத் தாண்டுவதே அபூர்வம். இப்போது சிலர் நாற்பதைத் தொடுகிறார்கள். தொட்டவர்களில் பலருக்கு, எண்பது வயதுக் கிழவர்களுக்கு வருவதுபோன்ற மறதி அந்த வயதிலேயே வருவதாக வெளிநாட்டில் எழுதியிருக்கிறார்கள். இந்த ஊரில் அப்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரிடம் ஏற்கெனவே இதுபோல ஒரு சிலர் இருக்கிறார்கள். எத்தனை பேர் என்று கேட்டேன். சொல்லவில்லை.

"உங்க தம்பிய மத்தவங்களோட ஒப்பிடக் கூடாது சார். அவரை அவரோடதான் ஒப்பிடணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே வர்றேன். ஒவ்வொரு தடவையும் அதே சாமான், அதே கேள்வி. இறங்குதுன்னு தெரிஞ்சா நாம தயாரா இருக்கலாம். மறதிக்குப் பின்னாலயே வலிப்பு வருதுங்கறாங்க. அது வர்றதுக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும்."

சரி என்றேன். வீட்டில் அம்மாவும் சரி என்றாள்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா தலைமையாசிரியராக இருந்து இறந்தவர். அவருடைய இரண்டு தம்பிகளும் வாத்தியார்கள். அக்கா சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் ஒருவன்தான் தப்பி அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவுக்குப் போனேன். எங்கள் வீட்டில் பரீட்சையில் தவறியவர்கள் கிடையாது. மார்க் குறைந்தால் அன்றைக்கு யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். தம்பியை மட்டும் எந்தப் பரீட்சைக்கும் யாரும் உட்கார வைத்ததில்லை. டாக்டரின் தகரப் பெட்டிதான் அவன் எழுதிய முதல் பரீட்சை.

அவனுக்கு வேலைகள் இருந்தன. காலையில் பால் அட்டையை எடுத்துக்கொண்டு பூத்துக்குப் போய்ப் புட்டியோடு வருவான். உலர்ந்த துணியை மடிப்பான். வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலில் அவர்கள் விட்ட செருப்பை ஜோடியாகச் சேர்த்துச் சுவரோரம் வைப்பான். கிளம்பும்போது கேட்காமலேயே அவரவர் செருப்பை அவரவர் காலடியில் கொண்டுவந்து போடுவான். நவராத்திரி சமயத்தில் நாற்பது ஜோடி இருந்தாலும் ஒன்று மாறாது. பேச்சு குறைவு. சிரிப்பு அதிகம்.

முதல் தடவை டாக்டர் பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேட்டார். பிறகு எல்லாவற்றையும் துண்டால் மூடிவிட்டு, உள்ளே என்னவெல்லாம் இருக்கின்றன என்று கேட்டார். தம்பி பதினொன்றைச் சொன்னான். பூட்டை மட்டும் விட்டுவிட்டான். அம்மா காபி டம்ளரை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"பாஸா?"

டாக்டர் சிரித்தார். "இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாதும்மா."

அவர் போன பிறகு அம்மா அக்காவிடம், "ஜவுளிக்கடைப் பிள்ளை, நமக்குத் தெரியாதுன்னு நெனைச்சுண்டிருக்கான். பாஸ் ஃபெயில் இல்லாம எதுக்குடி மார்க் போடணும்?" என்றாள்.

ஆறு மாதம் கழித்து அவர் வந்தபோது தம்பி எட்டுதான் சொன்னான். வளையலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். டாக்டர் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதினார். ஆனால் எங்கள் வீட்டில் எல்லோரும் விடைத்தாள் திருத்துகிறவர்களின் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

அன்று மாலை அம்மா சாப்பிடவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெண் இருந்தாள்; பதினெட்டு வயதிருக்கும், புத்தி மட்டு. ஒரு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார் என்று ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் அவளைக் கொண்டு விட்டார்கள். ஒரு வருஷத்தில் அவள் போய்விட்டாள் என்று தகவல் வந்தது. அம்மாவுக்கு அதுதான் மனதில் இருந்தது.

"மூணாவது தடவையும் கொறைஞ்சா இவனையும் எழுதிக் குடுத்து அழைச்சுண்டு போயிடுவா."

"அவர் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா. மாத்திரை கொடுக்கத்தான் பாக்கறார்" என்றேன்.

"சொல்லிட்டா செய்வா?"

எனக்கு அப்போது தி. நகரில் ஒரு போர்ஷனில் மனைவி, இரண்டு குழந்தைகளோடு குடித்தனம். வாரத்தில் இரண்டு நாள்தான் மயிலாப்பூர் வருவேன். அதனால் மாறுதல்கள் எனக்குப் படிப்படியாகத் தெரியவில்லை. தாவித் தாவித் தெரிந்தன. ஒரு வாரம் அவன் சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழாகத் தப்பாகப் போட்டிருந்தான். அடுத்த வாரம் என் காலடியில் ஒரு செருப்பு என்னுடையது, மற்றொன்று அக்காவுடையது. அதற்கடுத்த வாரம் தெருமுனையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் என்னை நிறுத்தினார். எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வண்டி ஓட்டியவர்.

"இன்னா சாமி, உங்க தம்பி கொளத்தாண்ட குந்திகினு கீறாரு. வா நைனா, வூட்ல வுடறேன்னா சிரிக்கிறாரு. வூடு எங்கன்னு கேட்டா அதுக்கும் சிரிக்கிறாரு. கையில பால் புட்டி வேற. பாலு திரிஞ்சே பூட்டிருக்கும்."

வீட்டில் கேட்டால், "ஒரே ஒரு நாள் வழி மறந்துட்டான், அதுக்கு என்ன இப்போ" என்றாள் அம்மா. அதன் பிறகு அக்காதான் பால் வாங்கப் போனாள் என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் சொல்லாமல் போனேன். கூடத்தில் அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தம்பி பாயில். நடுவில் தரையில் சாவி, கரண்டி, சீப்பு, பொத்தான். மரக் குதிரை வரைக்கும் தேடி வாங்கியிருந்தாள். டாக்டர் வைக்கிற அதே வரிசை. அவள் கையில் மர ஸ்கேல் இருந்தது.

"சொல்லு. சாவி, கரண்டி, அப்புறம்?"

தம்பி அவள் வாயைப் பார்த்தான்.

"என் மூஞ்சியைப் பாக்காதே. சீப்பு. சொல்லு. சீப்பு." ஸ்கேல் தரையில் பட்டது.

"சீப்பு" என்றான். கன்னம் நனைந்திருந்தது.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். "என்னக்கா இது?"

"பாத்தாத் தெரியலையா? பாடம்."

"டாக்டர் பாக்க வர்றது அவனோட ஞாபகத்தை. நீ சொல்லிக் குடுத்ததை இல்லை."

"ஞாபகம்னா என்னடா? சொல்லிக் குடுத்தது தங்கறதுதானே ஞாபகம்?" அவள் தலையைத் திருப்பவில்லை. "ஒரு கிளாஸ்ல நாப்பத்தஞ்சு பேரைப் பாஸ் பண்ண வைக்கறேன். கூடப் பொறந்தவன் ஒருத்தனுக்குச் சொல்லிக் குடுக்க முடியாதா? நீ வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து எண்ணிப் பாத்துட்டுப் போறவன். நீ பேசாம இரு."

அம்மா சமையலறையிலிருந்து, "அவ சொல்றது சரிதாண்டா. உன் வாயை வெச்சுண்டு டாக்டர்கிட்ட ஏதாவது உளறி வெக்காதே" என்றாள்.

ஒருவேளை பழக்கினால் மனதில் தங்குமோ என்று எனக்கும் தோன்றியது. அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும்? டாக்டருக்கே தெரியாமல்தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது தடவை தம்பி பன்னிரண்டுக்குப் பதினொன்று வாங்கினான். அம்மா கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். டாக்டருக்கு நம்பவே முடியவில்லை. "மத்தவங்க எல்லாரும் இறங்கிட்டே வர்றாங்க சார். இவரு ஒருத்தர்தான் ஏறியிருக்காரு. வீட்ல எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"பேஷா இருக்கான்" என்றாள் அம்மா.

"ராத்திரி படுக்கையை நனைக்கிறாரா? வழி தவறுதா? திடீர்னு உடம்பு வெட்டுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றாள் அக்கா. அப்போது அவள் தினமும் விடியற்காலையில் எழுந்து அவன் போர்வையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மாத்திரையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம், அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி குளியலறையில் விழுந்து முன்பல் இரண்டு போயிற்று. வழுக்கிவிட்டது என்றார்கள். தரை காய்ந்திருந்ததா ஈரமாக இருந்ததா என்று நான் கேட்டேன். அம்மா என்னை முறைத்தாள். நாக்கின் ஓரத்தில் கடித்த காயம் இருந்ததை அவன் கொட்டாவி விட்டபோது பார்த்தேன். அதன் அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் அடுத்த தவணைக்குத்தான் வருவார்.

நான்காவது தடவை அவர் வந்தபோது கையில் தகரப் பெட்டி இல்லை. ஒரு மஞ்சள் பை இருந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அப்பா கடையிலிருந்து கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். "இந்தத் தடவை கணக்கு கொஞ்சம் இடிக்கும். பரவால்ல, பாப்போம்" என்றார். அக்கா அம்மாவைப் பார்த்தாள். எழுந்து போய்த் தடுக்கவும் முடியாது.

டாக்டர் முதலில் கத்தரிக்கோலை எடுத்து வைத்தார். "இது என்ன?"

"சாவி" என்றான் தம்பி.

டாக்டர் கத்தரிக்கோலை நகர்த்திவிட்டு அளவு நாடாவை வைத்தார்.

"கரண்டி."

அடுத்தது சிவப்பு ரிப்பன். "சீப்பு." அப்புறம் டாக்டர் எதையும் எடுக்கவே இல்லை. தம்பி நிறுத்தவும் இல்லை. மேஜையைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வாய்ப்பாடு சொல்வதுபோல ஒரே ராகத்தில் பொத்தான், தீப்பெட்டி, வளையல் என்று குதிரை வரைக்கும் சொல்லி முடித்தான். முதல் தடவை விட்டுப்போன பூட்டும் இருந்தது. முடித்தவுடன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். விரல்களை மடக்கி, முட்டி மேலே தெரியும்படி. வகுப்பில் ஸ்கேல் அடிக்குப் பிள்ளைகள் நீட்டுவதுபோல. டாக்டருக்கு அல்ல, அக்காவுக்கு.

அக்கா அசையவில்லை. டாக்டர் அந்தக் கைகளைப் பிடித்து மெதுவாக அவன் மடியில் வைத்தார்.

"எத்தனை நாளாம்மா?"

அம்மா திடீரென்று அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "எழுதிடாதீங்கோ. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இவனை எங்கேயும் அனுப்பிடாதீங்கோ."

"எங்கம்மா அனுப்பறது?" என்றார் அவர். குரல் உயரவில்லை. "இவரு மாதிரி நாப்பது வயசுக்காரரை வெச்சுப் பாத்துக்க இந்த ஊர்ல இடமே கிடையாதும்மா. நான் தேடிப் பாத்துட்டேன். இருந்தா மத்தவங்க வீட்டுல எல்லாம் ஏன் அழுவுறாங்க?"

இத்தனை நாள் எதற்குப் பயந்தார்களோ அது இல்லவே இல்லை என்று தெரிந்தபோது அம்மாவின் முகத்தில் நிம்மதி வரவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரியதாக ஏதோ புரிந்ததுபோல இருந்தது.

பிறகு டாக்டர் தம்பியின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். எப்போது விழுந்தான் என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பால் பூத், படுக்கை, குளியலறையில் கண் மேலே செருகிக் கை கால் வெட்டியது, அதற்குப் பிறகு இன்னும் நான்கு தடவை. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். வலிப்பு மாத்திரை அன்றைக்கே ஆரம்பமாயிற்று. வாசலில் என்னிடம் மட்டும் சொன்னார்: "முன்னாடியே கொடுத்திருந்தா அந்த வலிப்புங்கள்ல கொஞ்சமாவது தவிர்த்திருக்கலாம் சார். மறதியை நிறுத்தியிருக்க முடியாது. அதை உங்க அக்காகிட்ட சொல்லுங்க. அவங்களால எதுவும் கெடலைன்னு சொல்லுங்க."

சொன்னேன். "முதல் பாதியைச் சொல்லலையேடா" என்றாள். டாக்டர் பேசியதை அவள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருந்தாள்.

அன்றே அவள் மரக் குதிரை உட்பட எல்லாவற்றையும் குப்பையில் போட்டாள். ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. அக்கா கூடத்துக்குள் வந்தால் தம்பி சுவரோடு ஒட்டிக்கொள்வான். எதிரே உட்கார்ந்தால் கைகளை நீட்டிவிடுவான். வாரங்கள் போகப் போகச் சாவி கரண்டி எல்லாம் அவனிடமிருந்து உதிர்ந்தன. கை நீட்டுவது மட்டும் போகவில்லை. அம்மாவை யார் என்று தெரியாமல் பார்த்த நாள்களில்கூட, அக்காவின் காலடிச் சத்தத்துக்கு அவன் தோள் சுருங்கியது.

சாப்பாடு ஊட்டும் நிலை வந்தது. அம்மா ஊட்டினாள். அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்த பிறகு நான் ஆபீஸிலிருந்து நேரே தினமும் மயிலாப்பூருக்கு வந்தேன். என் மனைவி இதற்காக என்னிடம் பேசியதும் பேசாமல் இருந்ததும் தனிக் கதை. அக்கா சாதத்தைக் குழைத்து, சமையலறை வாசற்படியில் நின்றபடி தட்டை என் கையில் கொடுப்பாள். அந்தக் கோணத்திலிருந்து தம்பிக்கு அவள் தெரிய மாட்டாள். அவளுக்கும் அவன் தெரிய மாட்டான். "எத்தனை வாய் ஆச்சு?" என்று உள்ளேயிருந்து கேட்பாள். ஏழு என்பேன், ஒன்பது என்பேன். குறைந்துகொண்டுதான் வந்தது. சில நாள் கூட்டிச் சொன்னேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் லஸ் பக்கம் தண்ணீர் தேங்கி பஸ் நின்றுவிட்டது. நடந்து வந்து சேர இருட்டிவிட்டது. வாசலிலேயே அக்கா காத்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பில் சாதப் பருக்கை ஒட்டியிருந்தது.

"என் கையால சாப்ட்டாண்டா!"

"யாரு?"

"யாருன்னா? அவன்தான். நீ வரலையா, பசியோட இருக்கானேன்னு பயந்துண்டே போய் உக்காந்தேன். கையை நீட்டலைடா. ஒதுங்கலை. என்னைப் பாத்துண்டே சாப்ட்டான். பதினாலு வாய். நான் எண்ணினேன்."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் முன்னால் போய்க் குனிந்தேன். கண் என்மேல் பட்டது, நிற்கவில்லை. அம்மா மேலும் நிற்கவில்லை.

மறுநாள் மருந்துக்கடையிலிருந்து டாக்டருக்குப் போன் செய்தேன். ஏதாவது மாறினால் சொல்லச் சொல்லியிருந்தார். அவர் முழுவதும் கேட்டார்.

"முன்னாடி பயந்த வேற எதுக்காவது இப்ப பயப்படறாரா சார்? நாய் குரைச்சா? இடி இடிச்சா?"

இடி என்றால் காதைப் பொத்திக்கொள்கிறவன், நேற்று இடித்தபோது சுவரில் சாய்ந்தபடியே இருந்தான். "இல்லை."

"சரி சார். எழுதிக்கறேன்" என்றார். எதை என்று கேட்காமல் போனை வைத்தேன்.

மாலையில் போனபோது அக்கா பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிளகு ரசத்துக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"கேட்டுண்டார்."

"இனிமே நீ தினம் ஓடி வர வேண்டாம். உன் குடும்பத்தைப் பாரு. நான் இருக்கேன்." அவள் தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள். அவன் எதிரே, பாயில், முழங்கால் முட்டும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

அதன் பிறகு தம்பி அதிக நாள் இருக்கவில்லை. இருந்தவரை அவள் கையால்தான் சாப்பிட்டான். விழுங்க முடியாமல் போகும்வரை. அக்கா அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தாள். யார் வந்து துக்கம் கேட்டாலும், பின்னாளில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலும், அவள் சொன்னது ஒன்றுதான்: "எம்மேல கோபமாத்தான் இருந்தான். கடைசில தீர்ந்துடுத்து." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் ஆமாம் என்பேன்.